மேற்குத் தொடர்ச்சி மலை வரைவு: நாடாளுமன்றக் குழு முன் அதிகாரிகள் எதைக் கூறலாம்?

தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மலைக் கிராமங்களில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்படும் பிரச்சினை, சுற்றுச்சூழல் உணர்திறன் மிக்க பகுதிக்கான வரைவு. 2024 ஜூலை 31-இல் வெளியான மத்திய அரசின் வரைவு அறிவிக்கை, கேரளத்தில் மட்டும் 9,993.7 சதுர கிலோமீட்டரை இதில் சேர்க்க உத்தேசித்தது.

இத்தகைய கொள்கை குறித்து நாடாளுமன்றத் துறைசார் நிலைக்குழு விசாரித்தால், துறைச் செயலர்களே சாட்சியம் அளிப்பர். அமைச்சர்கள் அக்குழுக்களில் உறுப்பினராக முடியாது.

பரப்பளவு, சட்ட அடிப்படை, பெறப்பட்ட ஆட்சேபங்கள், முடிவுக்கான காரணம் ஆகியவற்றை அதிகாரிகள் மறைக்காமல் விளக்க வேண்டும். "இக்கொள்கை சரியா?" என்ற கேள்விக்குச் சொந்தக் கருத்து கூறலாகாது, அதற்குப் பொறுப்பு அமைச்சரே. கைவசம் இல்லாத விவரங்களைப் பின்னர் எழுத்துமூலம் அளிக்கலாம்.

நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு விளையும் என்றால் மட்டுமே ஆவணத்தை அரசு மறுக்கலாம் என்கிறது மக்களவை விதி 270.

கேரள சட்டப்பேரவையின் துறைவாரிக் குழுக்களுக்கோ அமைச்சரே தலைவர். எனவே அங்கு கொள்கை விளக்கத்தை அவரிடமே நேரடியாகப் பெற இயலும்.