பிடுங்காதீங்க தம்பி, அது கோவத்துல இருக்கு!

‘‘எல்லாம் செத்துப் போச்சுப்பா... பிடுங்கிப் போட்டுட்டு பேவர் பிளாக் போட்டுடலாம். பார்க்கிங்குக்காவது ஆகும்!’’

எங்க காலேஜ் மெயின்டனன்ஸ் சார் இப்படிச் சொன்னது போன வருஷம் மார்ச் முதல் வாரத்துல. அவர் மேலே தப்பு சொல்ல முடியாது. ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஃபிப்ரவரி நடுவுல நாங்க நட்ட நாற்பது மூங்கில் கன்றுகளும் அப்போ அந்த லட்சணத்துலதான் இருந்துச்சு. இலை எல்லாம் நீளவாக்குல சுருண்டு, பென்சில் முனை மாதிரி கூர்மையா நின்னுச்சு. பாதிக்கு மேலே பழுப்பு. நாற்பது குச்சியை யாரோ வேலிக்கு ஊன்றி வெச்சுட்டுப் போன மாதிரி ஒரு காட்சி.

மஞ்சள் மூங்கில் நட்டது நாங்க, என்.எஸ்.எஸ். பசங்க. மஞ்சள் கழியில பச்சைக் கோடு ஓடுமே, பார்க்குல எல்லாம் பார்த்திருப்பீங்களே, அதேதான். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தா மேற்கு வெயில் நேரா கட்டில்ல வந்து படுத்துக்கும். ரெண்டு வருஷத்துல பச்சைத் திரை வந்துடும்னு கனவு கண்டுதான் நட்டோம். பேனர் கட்டி, சீஃப் கெஸ்ட் கூப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்து... எல்லாம் பண்ணினோம். தண்ணி ஊத்துற டைம்டேபிள் மட்டும் போடலை.

கைவிட்டுடலாம்னு நாங்களே முடிவுக்கு வந்தப்போதான் காலேஜ் தோட்டக்காரர் வந்தார். அறுபது வயசைத் தாண்டினவர். எங்களுக்கு எல்லாம் ‘தாத்தா’. ஒரு கன்றோட தண்டை நகத்தால லேசா சுரண்டினார். உள்ளே பச்சை! கணுவுல இருந்த குட்டி மொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

‘‘பிடுங்காதீங்க தம்பி. இது சாகலை. கோவத்துல இருக்கு.’’

‘‘யார் மேல தாத்தா கோவம்?’’

‘‘உங்க மேலதான்!’’

மெயின்டனன்ஸ் சார்கிட்ட போய் கெஞ்சினோம். ‘‘ஜூலையில காலேஜ் திறக்குற வரைக்கும் டைம். அதுக்குள்ள பச்சை தெரியலைன்னா ஜே.சி.பி.தான்’’னு சொல்லிட்டார். நடுவுல செமஸ்டர் வேற. எங்க செட்டுல நாலு பேருக்கு அரியர் வேற!

சரி, அந்தக் கோவம் என்னன்னு பார்ப்போம். மூங்கில் பார்க்க மரம் மாதிரி இருந்தாலும் புல் குடும்பம். (நம்ம நாட்டுச் சட்டமே 1927-ல இருந்து அதை மரம்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. 2017-ல திருத்தம் வந்த பிறகுதான் மரப் பட்டியல்ல இருந்து தூக்கினாங்க. நாம குழம்பினதுல ஆச்சர்யம் இல்லை.) நர்சரியில இருந்து லாரியில குலுங்கி வந்து, பையைக் கிழிச்சு, குழியில இறக்கும்போது அதோட வேர்த்தூவிகள் நிறைய அறுந்துடும். தண்ணியை உறிஞ்சுற வேலையைப் பெரும்பாலும் செய்றது, கண்ணுக்கே சரியாத் தெரியாத அந்தத் தூவிகள்தான்.

எங்க ஹாஸ்டல் பாஷையில சொன்னா, கீழே மோட்டார் பாதி ரிப்பேர். ஆனா மேலே நாலு மாடியிலயும் குழாய் திறந்தே இருக்கு. இலைகள் வழியா நீராவி போய்க்கிட்டே இருக்கும். வேரால அந்த அளவுக்கு ஏத்த முடியாது. டேங்க் காலி! அதனால செடி தானே ஒரு வேலை செய்யுது. இலையைச் சுருட்டிக்குது. காத்தும் வெயிலும் படுற பரப்பு குறையுது, செலவும் குறையுது. அப்படியும் கட்டுப்படி ஆகலைன்னா இலையைக் கொட்டிடும். நாம அதைப் பார்த்து ‘செத்துப்போச்சு’ங்கிறோம். அது சாகாம இருக்கத்தான் அவ்வளவும் பண்ணிட்டு இருக்கு.

தாத்தா சொல்லிக் கொடுத்த முதல் பாடம், காலையில ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கணும்ங்கிறது. மத்தியானம் சுருண்டிருந்த இலை காலையில விரிஞ்சிருந்தா பயம் இல்லை. வேர் ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருக்குன்னு அர்த்தம். காலையிலயும் சுருண்டே இருந்தா உடனே தண்ணி வேணும். சுருளாம, இலை மொத்தமா மஞ்சளாகித் தொங்கி, மண்ணும் சேறா இருந்தா தண்ணி அதிகம். வேருக்கு மூச்சு முட்டுது, நிறுத்தணும். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறதுதான் எங்களுக்கு மூங்கிலைவிடப் பெரிய ஷாக்!

தண்ணி விஷயத்துல நாங்க எவ்வளவு பெரிய முட்டாள்கள்னு அடுத்த வாரம் தெரிஞ்சுது. ஆளுக்கு ஒரு பக்கெட்னு ஊத்தினோம். சுத்தி இருக்கிற மண் ஈரமா இருந்துச்சு. செடி மட்டும் அப்படியே. தாத்தா ஒரு கன்றோட தூர் பக்கத்துல விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே தூசி! நர்சரி பையில மண்ணோட தென்னை நார்க்கழிவு கலந்திருந்தாங்க. அந்த மண் உருண்டை ஒரு தடவை நல்லா காய்ஞ்சுடுச்சுன்னா தண்ணியை லேசுல உள்ளே விடாது. ஊத்துற தண்ணி அந்த உருண்டையைச் சுத்திக்கிட்டு ஓரமா இறங்கிடும். புது வேரோ இன்னும் அந்த உருண்டையைத் தாண்டி வெளியே வரலை. அதாவது சாப்பாடு பக்கத்து ரூம்ல, நம்ம ரூம் வெளியே பூட்டு!

வழி என்ன? மெதுவா, சொட்டுச் சொட்டா, தூர்லயே விழணும். கேன்டீன்ல தூக்கிப் போடுற தண்ணி பாட்டில்களைப் பொறுக்கிட்டு வந்தோம். மூடியில ஊசியால ஓட்டை, அடிப்பக்கம் வெட்டி, ஒரு குச்சியில கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டா ஏழைகளின் சொட்டுநீர்ப் பாசனம் ரெடி. முதல் ரெண்டு வாரம் தினமும் ரெண்டு பாட்டில். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தா அன்னைக்கு லீவு.

அடுத்த கூத்து ஆர்.ஓ. தண்ணி. மெஸ்ல இருக்கிற ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணி சும்மா சாக்கடைக்குத்தானே போகுது, அதைத் திருப்பிவிட்டா நீர் மேலாண்மைன்னு ஒரு புராஜெக்ட்டாவே காட்டிடலாம்னு எங்களுக்கு ஐடியா. பத்து நாள் ஊத்தினோம். மிச்சம் இருந்த இலைகளோட நுனி எல்லாம் நெருப்பு பட்ட மாதிரி கருக ஆரம்பிச்சுது. சந்தேகம் வந்து சிவில் லேப் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தா, ரீடிங் 2,000-ஐத் தாண்டி நிக்குது! குடிதண்ணியில இருந்து பிரிச்சு எடுத்த உப்பு எல்லாம் அந்தக் கழிவுத் தண்ணியிலதானே இருக்கும்? இது ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்குத் தோணியிருக்க வேண்டாமா? மண்ணுல உப்பு ஏறினா வேர் தண்ணியை இழுக்கவே திணறும். ஏற்கெனவே மூச்சு வாங்கிட்டு இருக்கிறவன் தலையில மூட்டையை ஏத்தின கதை. உடனே நிறுத்திட்டு, நல்ல தண்ணி நிறைய விட்டு உப்பைக் கழுவி இறக்கினோம்.

அந்த நல்ல தண்ணிக்கு எங்கே போனோம் தெரியுமா? கம்ப்யூட்டர் லேப்! அங்கே இருக்கிற ஏ.சி.க்கள் எல்லாம் நாள் முழுக்க வெளியே தண்ணியைச் சொட்டிக்கிட்டே இருக்கும். காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து இறங்குற தண்ணி அது; உப்பு கிட்டத்தட்ட கிடையாது. பைப்புக்குக் கீழே பக்கெட் வெச்சோம். நாள் முடியுறப்போ தூக்கிட்டு வந்தோம். லேப் அசிஸ்டென்ட் முதல்ல முறைச்சார், அப்புறம் அவரே பக்கெட்டை மாத்தி வைக்க ஆரம்பிச்சுட்டார்.

உரம் பத்தியும் சொல்லியாகணும். என் கிளாஸ்மேட் ஒருத்தன் விவசாயக் குடும்பம். பாசத்துல ஊர்ல இருந்து ஒரு பை யூரியா கொண்டு வந்தான். தாத்தா அதை வாங்கித் தன் ஷெட்டுல வெச்சுப் பூட்டிட்டார். ‘‘ஜுரத்துல படுத்திருக்கிறவனுக்கு பிரியாணியா தம்பி?’’ யூரியாவும் இந்த விஷயத்துல உப்பு மாதிரிதான். வேர் பிடிக்காத செடிக்குப் போட்டா ஆர்.ஓ. தண்ணி பண்ணின அதே வேலையைத்தான் பண்ணும். புது இலை வந்த பிறகு மக்கின சாணி எரு ஒரு கூடை. அதுவரைக்கும் ஒண்ணும் கிடையாது.

மூடாக்குதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. கேம்பஸ்ல தினமும் கூட்டிக் குவிக்கிற சருகை ஓரமாப் போட்டுக் கொளுத்துவாங்க. அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கன்றைச் சுத்தியும் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினோம். தண்டை ஒட்டாம ஒரு சாண் இடைவெளி விட்டோம், இல்லைன்னா கரையான் நேரா ஏறிடும். மூங்கில் உதிர்த்த இலையையும் எடுக்காம அங்கேயே போட்டாச்சு. ஒரு வாரம் கழிச்சுச் சருகுக்குள்ள கையை விட்டா குளுகுளுன்னு இருந்துச்சு. வெளியே மண்ணு சுட்டுது.

மேற்கு வெயிலுக்கு ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தென்னங்கீற்றைச் சாய்ச்சு வெச்சோம். நிறைய இலையோட தலை தொங்கின கன்றுகளை மட்டும் தாத்தா மேலே மூணுல ஒரு பங்கு வெட்டிவிட்டார். திறந்திருக்கிற குழாய் கொஞ்சம் குறையட்டும்னு. மொத்தமா மொட்டையடிக்கலாமான்னு கேட்டேன். ‘‘இலை எல்லாத்தையும் எடுத்துட்டா சமையல் யார் பண்றது?’’ன்னார். பாயின்ட்டுதான்.

ஏப்ரல் ரெண்டாவது வாரம், மூணாவது வரிசைக் கன்று ஒண்ணுல, கணுவுல இருந்து ஈர்க்குச்சி மாதிரி ஒரு பச்சை முனை. என் ரூம்மேட்தான் முதல்ல பார்த்தான். அன்னைக்கு இன்டர்னல் எக்ஸாம் போர்ஷனை விட்டுட்டு மொத்த ஃப்ளோரும் அங்கேதான் நின்னுச்சு. அடுத்தடுத்த நாள்ல ஆறு, பத்துன்னு ஏறுச்சு.

ஆர்வக் கோளாறுல ஒரு தப்பும் பண்ணினோம். ஒரு கன்றுல மட்டும் அசைவே இல்லை. வேர் எப்படி இருக்குன்னு பார்க்கலாமேன்னு தோண்டித் தூக்கினோம். கீழே வெள்ளை வெளேர்னு புது வேர், அரை விரல் நீளம்! தூக்கின வேகத்துல பாதி அறுந்துடுச்சு. திரும்ப நட்டோம், ஆனா அது தேறலை. நாங்க பார்க்காம இருந்திருந்தா பிழைச்சிருக்கும். இப்பவும் அதை நினைச்சா ஒரு மாதிரியா இருக்கு.

மே மாசம் ஹாஸ்டல் காலி. தாத்தாவும், ஊருக்குப் போகாத ரெண்டு மெஸ் அண்ணன்களும் தண்ணி ஊத்தினாங்க. ஜூலையில திரும்பி வந்து பையை ரூம்லகூட வைக்காம பின்னாடி ஓடினோம். இருபத்தாறு கன்றுல இலை! மெயின்டனன்ஸ் சார் வந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ஜே.சி.பி. வரலை.

மிச்சம் பதினாலும் காய்ஞ்ச குச்சிதான். அதையாவது எடுத்துடலாம்னா, தாத்தா மழை வரட்டும்னுட்டார். மூங்கிலோட உயிர் மேலே தெரியுற கழியில இல்லை. மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குல இருக்கு. பாடப் புத்தகத்துல மட்டநிலத் தண்டுன்னு படிச்சிருப்போம். செப்டம்பர் மழைக்கு அப்புறம் அஞ்சு இடத்துல, செத்த குச்சிக்குப் பக்கத்துலயே மண்ணை முட்டிக்கிட்டு குருத்து வந்துச்சு. ஜூலையில பிடுங்கியிருந்தா அஞ்சும் போயிருக்கும்.

கடைசி வரைக்கும் வராதது ஒன்பது. ஒண்ணு நாங்க தோண்டிக் கொன்னது. இன்னொரு ரெண்டைத் தோண்டினப்போ சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை... பிளாஸ்டிக் பை பத்திரமா அப்படியே இருந்துச்சு! ரெண்டும் சீஃப் கெஸ்ட் நட்டது. அவர் கை அழுக்காகக் கூடாதுன்னு பையோடவே குழியில இறக்கிட்டோம் போல.

பாக்கி ஆறுலதான் விஷயம் இருக்கு. ஆறுக்கும் வேர் கொஞ்சம் இருந்துச்சு, கிழங்கு இல்லவே இல்லை. மஞ்சள் மூங்கிலைப் பெரும்பாலும் விதையில வளர்க்கிறது கிடையாது. கழியை வெட்டித் துண்டு போட்டுத்தான் கன்று எடுப்பாங்க. அந்தத் துண்டு தனக்குள்ள இருக்கிற சேமிப்பை வெச்சே முதல்ல தளதளன்னு இலை விட்டுடும். வேர் அப்புறம். கிழங்கு அதுக்கும் அப்புறம். அவசரப்பட்டு இலை ஸ்டேஜ்லயே வித்துட்டா, வாங்குறவருக்குப் பச்சைப்பசேல்னு கன்று கிடைக்கும், உள்ளே சரக்கு இருக்காது. நாங்க நர்சரியில தேடித் தேடி இலை அதிகமா இருந்ததைத்தான் பொறுக்கினோம்! பைக்குள்ள பழைய துண்டுக்குப் பக்கத்துல, மண்ணுல இருந்தே தனியா ஒரு புதுக்குருத்து கிளம்பியிருக்கணும். அதுதான் கிழங்கு வெச்சதுக்கு அடையாளம். இலை ரெண்டு கம்மியா இருந்தாலும் பரவாயில்லை.

இப்போ முப்பத்தொண்ணு நிக்குது. புதுசா வர்ற குருத்து முதல் கழியைவிடத் தடிமனா இருக்கு. மூங்கில் கழி மரம் மாதிரி வருஷா வருஷம் பெருக்காது. எந்த கனத்துல மண்ணைவிட்டு வருதோ அதேதான் கடைசி வரைக்கும். அதனால ஒவ்வொரு மழைக்கும் வர்ற குருத்தோட கனத்தைப் பார்த்தாலே கீழே கிழங்கு எப்படி இருக்குன்னு சொல்லிடலாமாம். தாத்தா தினமும் கட்டைவிரலை வெச்சு அளந்து பார்க்கிறார்.

ஒன்பது குழி இன்னும் காலியா இருக்கு. ஜூனியர் என்.எஸ்.எஸ். பசங்க வந்து, ‘‘ஃபிப்ரவரி கேம்ப்ல அதுல நட்டுடலாமாண்ணா, சீஃப் கெஸ்ட் டேட் கொடுத்துட்டார்’’னு கேட்டாங்க. அக்டோபர் மழைக்கு நடுற மாதிரி டேட்டை மாத்தச் சொல்லியிருக்கோம். சீஃப் கெஸ்ட்டுக்கு இன்னும் போன் பண்ணிட்டே இருக்காங்க!