வண்டி ஓடலாம்... கால் படக்கூடாது!

தார் கிடையாது. அகலமும் கிடையாது. எதிரே ஒரு கார் வந்துவிட்டால், யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்து மரத்தடியில் ஒதுங்க வேண்டும். ஆனாலும் ஓட்டுவதற்குச் சிரமமே இல்லை. ஜீப் தேவையில்லை; வீட்டுக் காரே போதும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிரசன்ட் சிட்டியை ஒட்டிய ஹவ்லண்ட் ஹில் சாலை சுமார் 16 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். கேரவன், டிரெய்லருக்கு ஆகாது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர் பெற்றோர், சில நாள் பயணமாக வடக்கே போனால் இதைப் பார்த்துவிடலாம்.

இருபுறமும் ரெட்வுட் மரங்கள். நம்மூர் செம்மரத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை. 300 அடி உயரமெல்லாம் இங்கே சாதாரணம். சில வளைவுகளில் இரு மரங்களுக்கு இடையே கார் நுழைந்து போக வேண்டியிருக்கும். கோடையில் ஓரத்துப் பெரணிச் செடிகள் மாவு தூவியதுபோல் தூசியில் வெளுத்திருக்க, நாலடி உள்ளே எல்லாம் பச்சைப் பசேல். மழையில்லாத அந்த மாதங்களில் பசிபிக் கடலின் மூடுபனிதான் கிளைகளில் பட்டுச் சொட்டி, மரங்களுக்குத் தண்ணீர் வார்க்கிறது.

வழியிலுள்ள ஸ்டவுட் தோப்பு 44 ஏக்கர். மரம் வெட்டித் தொழில் செய்த ஒருவரின் நினைவாக, வெட்டாமல் காக்கும்படி அவர் மனைவி 1929-ல் கொடுத்தது.

தார் போட்டால் தூசி அடங்கும் என்பவர்களும் உண்டு. ஆனால் கவலைப்பட வேண்டியது தூசியைப் பற்றி அல்ல, காரைவிட்டு இறங்கும் கால்களைப் பற்றி.

இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. சில மீட்டர் ஆழத்திலேயே வேர்கள் பக்கவாட்டில் படர்ந்து, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கின்றன. மேலே ஆட்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் குறையும்.

இச்சாலை அருகே 1998-ல் கண்டறியப்பட்ட ராட்சத மரக்கூட்டத்தின் இடத்தை ஆய்வாளர்கள் ரகசியமாகவே வைத்திருந்தனர். இணையத்தில் இடம் கசிந்தது, கூட்டம் குவிந்தது. பெரணிகள் நசுங்கி, கண்டபடி ஒற்றையடிப் பாதைகள் முளைத்தன. கடைசியில், தரையில் கால் படாதபடி உயரமான நடைபாதை கட்ட வேண்டியதாயிற்று. இதே வட்டாரத்தில், சுமார் 116 மீட்டர் உயரத்துடன் உலகிலேயே உயரமான ஹைபீரியன் மரத்தை 2022 முதல் யாரும் நெருங்கக்கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அங்கே போனால், முறையாக அமைத்த பாதையில் மட்டும் நடங்கள். படத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். பாதை இல்லாத மரத்தின் இடக்குறியை மட்டும் போடாதீர்கள்.