வாழ்நாள் அளவும் சொல் தெளிவும்

நுழையும்முன்

சட்டத்தில் ஒரு சொல் இருபொருள் தந்தால் வழக்கு எழும். கணினிகள் பின்பற்றும் விதிகளில் ஒரு சொல் இருபொருள் தந்தால் என்ன நேரும்? இணையத்தின் பெயர் முறைமையில் எழுந்த அத்தகைய ஐயமும் அது தீர்க்கப்பட்ட முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

வாழ்நாள் அளவு

இணையத்தில் இணைந்த கணினிகள் எண்ணாலான முகவரிகளால் அறியப்படுகின்றன. மாந்தர் நினைவில் கொள்வதோ பெயர்களை. பெயருக்குரிய முகவரியைத் தரும் அமைப்பே களப்பெயர் முறைமை. ஒருவர் கேட்ட முகவரியை இடைநிலைச் சேவையகம் சிறிது காலம் சேமித்துவைத்து, அடுத்துக் கேட்போருக்கு உடனே வழங்கும். அப்பதிவை எத்தனை நொடிகள் சேமிக்கலாம் என்பதைக் குறிப்பதே வாழ்நாள் அளவு (டி.டி.எல்.). 3600 எனில் ஒரு மணி நேரம். 86,400 எனில் ஒரு நாள். அளவு மிகுந்தால், முகவரி மாறிய பின்னும் பழைய முகவரியே கிடைக்கும். குறைந்தால், ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுந்து சேவையகங்களின் சுமை பெருகும்.

ஐயத்தின் தோற்றம்

பால் மொக்கபெட்ரிஸ் எழுதி 1987 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1035 என்னும் ஆவணம் இம்முறைமையின் அடிப்படைச் செந்தரங்களுள் ஒன்று. வாழ்நாள் அளவுக்கு அது 32 பிட்டுகளை ஒதுக்கியது. ஆனால், அவ்வளவை ஓரிடத்தில் குறியுடைய எண் என்றும் மற்றோரிடத்தில் குறியற்ற எண் என்றும் கூறியது. குறியுடைய எண்ணில் முதல் பிட் நேர், எதிர் என்னும் குறியைச் சுட்டும்; குறியற்ற எண்ணில் அதுவும் மதிப்பின் பகுதியாகும். எனவே, முதல் பிட் 1 ஆக வருமாயின், ஒரு மென்பொருள் அதனை எதிர்ம எண்ணாகக் கொள்ளும். மற்றொன்று 68 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலமாகக் கொள்ளும். இரண்டும் செந்தரத்தைப் பின்பற்றியவையே. பிழை செந்தரத்தின் சொல்லில் இருந்தது.

தீர்வு

1997 ஜூலையில் ராபர்ட் எல்ஸ், ராண்டி புஷ் ஆகியோர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2181 இந்த ஐயத்தை நீக்கியது. வாழ்நாள் அளவு குறியற்ற எண். அதன் சிறும அளவு 0. பெரும அளவு 2147483647. அனுப்பும்போது முதல் பிட் 0 ஆகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு இருந்தால், எண்ணை எம்முறையில் படித்தாலும் ஒரே மதிப்பே கிடைக்கும். விதியை மீறி 1 வந்தால், பெறுவோர் முழு அளவையும் 0 எனக் கொள்ள வேண்டும். அஃதாவது, அப்பதிவைச் சேமிக்கலாகாது. ஒரு பெயருக்குரிய ஒரே வகைப் பதிவுகள் வெவ்வேறு அளவுகளுடன் வந்தால், அவற்றுள் மிகக் குறைந்ததையே அனைத்திற்கும் கொள்ள வேண்டும் என்றும் அது வரையறுத்தது.

மறு ஆய்வு

செந்தரங்களும் காலத்திற்கேற்பத் திருத்தம் பெறுகின்றன. 2020 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 8767, முதல் பிட் 1 ஆக வரும் அளவை 0 எனக் கொள்ளாது, பெரிய நேர்ம எண்ணாகக் கொண்டு ஒரு மேல்வரம்புக்குள் அடக்குமாறு கூறியது. அது பரிந்துரைத்த வரம்பு 604800 நொடிகள். அஃதாவது, ஏழு நாள்கள். பெரிய சேவையகங்கள் நடைமுறையில் கொண்டிருந்த வரம்பை ஒட்டியே இப்பரிந்துரை அமைந்தது.

மாந்தர் உரையாடலில் சொல் ஐயம் தந்தால், கேட்பவர் மீண்டும் வினவித் தெளிவு பெறலாம். கணினி வினவுவதில்லை, தான் கொண்ட பொருளின்படியே செயலாற்றும். ஆதலால், விதி எழுதுவோர் ஒரு சொல்லை எல்லா இடங்களிலும் ஒரே பொருளில் ஆளுதல் இன்றியமையாதது.