கொழுந்து மெசினின் பை

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெசினைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் கத்திக்குத்தான் போகும். பின்னால் இழுபட்டு வரும் நீளத் துணிப்பையை யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், மெசினின் மூளையே அந்தப் பைதான்.

கத்தியின் சங்கதி எளிது. சலூனில் முடி வெட்டும் மெசினைப் போல, பல் வைத்த இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி இடமும் வலமும் ஓடுகின்றன. இரண்டு பேர் செடி நிரையின் இருபுறமும் பிடித்து நடக்கும் வகையில் கத்தி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்.

புல்வெளி டிராக்டரில் சுழலும் கத்தி இருக்கிறதே, அதை இங்கே மாட்டினால் என்ன? அதன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதால், வெட்டும்போதே காற்றையும் கிளப்பிப் புல்லைப் பைக்குள் தள்ளிவிடும். ஆனால் இலை சிதைந்துபோகும். புல்லுக்குப் பரவாயில்லை, கொழுந்துக்கு ஆகாது. தேயிலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கேட்டசின் எனும் துவர்ப்புப் பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதைச் சிவக்க வைக்கும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், வேறோர் அறையில். இலை நசுங்கினால் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கும். தேயிலைக்கு நிறமும் மணமும் வருவது இந்தக் கலப்பால்தான். ஆனால் அது ஃபேக்டரியில் இலையை உருட்டும்போது நடக்க வேண்டுமே தவிர, மலையில் அல்ல.

ஆகவே இங்கே கத்தி வெட்டுவதோடு சரி. காற்றுக்குத் தனி விசிறி. அந்தக் காற்று கத்தியின் அகலம் முழுக்கப் படுத்திருக்கும் குழாய்க்குள் போய், வரிசையான சிறு மூக்குகள் வழியாகச் சீறுகிறது. வெட்டுப்பட்ட தளிர் செடிமேல் விழுவதற்குள் பையின் வாய்க்குள் பறந்துவிடும்.

இனிமேல்தான் வேடிக்கை. குறுகிய மூக்கில் வேகமாக வந்த காற்று, அகன்ற பைக்குள் நுழைந்ததும் தளர்கிறது. இலையைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. இலை கீழே விழுகிறது. காற்று துணியின் கண்கள் வழியே நழுவிவிடுகிறது. வடிகட்டி, நிறுத்தி, சேமிப்பிடம் மூன்றுமாக ஒரே துணி! பையின் வாய் சட்டத்தோடு இடைவெளியின்றி இறுகியிருக்க வேண்டும்; நடுவில் முறுக்கு விழக்கூடாது. பனியில் நனைந்த இலை துணியின் கண்களை அடைத்துவிட்டால், போக வழியில்லாத காற்று வந்த பக்கமே திரும்பும். கொழுந்து செடிமேலேயே சிந்தும்.

பை கொள்ளும் மட்டும் நிரப்புவதும் தப்பு. பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிடுகிறது. அமுக்கி அடைத்தால் அந்த மூச்சில் பிறக்கும் சூடு வெளியேறாமல் இலை வெந்து சிவக்கும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் அது 500 கோப்பைத் தேநீர். அவசரமாகத் திணித்த ஒரு பையில் நாலரைக் கிலோ கெட்டாலே போவது அவ்வளவு.

கையால் பறிக்கும்போது விரல், ரெண்டு இலை ஒரு மொட்டைத் தேடி எடுக்கும். மெசினுக்கு அந்தக் கண் கிடையாது. மட்டத்துக்கு மேலிருக்கும் முத்தலும் சேர்ந்தே பைக்குள் போகும். நிரையில்லாமல் நட்ட பழைய விதைத் தேயிலையும் கற்பாறையுமாகச் செங்குத்தாய் இறங்கும் இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தைச் சரிவுகளில், இருவர் பிடிக்கும் மெசினோடு நடப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவரே தூக்கும் சிறிய மெசின் உண்டு. அதன் பையும் சிறிது. அடிக்கடி கொட்டித்தான் ஆக வேண்டும்.