கேன்வாஸ் ஷூவில் போட்ட தையல் எப்படி நிற்கிறது?

பந்திக்கு இலை தைக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? காய்ந்த மந்தார இலையில் முதலில் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஈர்க்கு குத்திய இடத்திலேயே இலை வெடித்துவிடும். ஒரு இலை மேல் இன்னொன்றை நன்றாக ஏற்றி வைப்பார்கள், விளிம்பை ஒட்டிக் குத்தவே மாட்டார்கள். ஒவ்வொரு தையலுக்கும் தனி ஈர்க்குத் துண்டு. ஒன்று கழன்றாலும் சாம்பார் ஒழுகுவது அந்த ஓரிடத்தில்தான். விலை குறைந்த ஷூவை வீட்டிலேயே நம் காலுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றித் தைக்கும் வித்தைக்கு இதுவே அடிப்படை.

கேன்வாஸ் ஷூவின் மேல்பாகம் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. அடிப்பாகம் ரப்பர். இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. பழைய முறையில் கந்தகம் கலந்த ரப்பரைத் துணியோடு பொருத்தி, மொத்த ஷூவையும் சூடேற்றி இறுக்குவார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி இறுக்கும் இந்த வழியை 1839இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். கல்கத்தா அருகே பாட்டாநகரில் ஆலை வைத்த பாட்டா நிறுவனத்தின் வெள்ளை டென்னிஸ் ஷூதான் நம் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் போட்டது. இன்று சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பலவும் பசையால் ஒட்டியவை.

ஊசி துணிக்குள் போகும்போது நெசவின் இழைகள் விலகி வழிவிடுகின்றன. நூல் உள்ளே வந்ததும் அவை திரும்ப நெருங்கி நூலைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிமானம்தான் தையலின் பலம். ரப்பரும் ரெக்சினும் அப்படியல்ல. இலையைப் போலவே குத்திய துளை குத்தியதுதான், மூடாது. நெருக்கமாகக் குத்தினால் துளைகளை இணைத்துக்கொண்டு வரிசையாகக் கிழியும். ஆகவே ரெக்சின் ஷூவில் தையல்களைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ரப்பர் பட்டையில் ஊசியே படக் கூடாது. தண்ணீர் உள்ளே வருவதற்கு நீங்களே வாசல் திறந்த மாதிரி ஆகிவிடும்.

எடப்புளி நாடு மாதிரி கொல்லிமலை ஊர்களில் மழைக்காலத்தில் மிளகு, காபித் தோட்டங்களுக்கு நடக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பூ வேலையை அல்ல, ஷூவின் நாக்கை. லேசுக்கு அடியில் இருக்கும் அந்த நாக்கு பெரும்பாலும் கீழ்முனையில் மட்டும்தான் இணைந்திருக்கும். நடக்க நடக்க ஒரு பக்கம் சரியும், அந்த இடைவெளியில் சேறும் சிறு கற்களும் நுழையும். இரண்டு பக்கமும் மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக வெட்டி, நாக்கின் ஓரத்தையும் ஷூவின் உள்பக்கத்தையும் இணைத்துத் தைத்துவிடுங்கள். துணியைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், இழுத்துத் தைத்தால் கால் உள்ளே போகாது. மலையேற்றக் காலணிகளில் இதே ஏற்பாடுதான் இருக்கிறது.

வேலைக்கு முன் லேசையும் உள் அட்டையையும் எடுத்துவிட்டு, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். வடிவம் கலையாது. பாலியெஸ்டர் நூலே நல்லது, பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். தேன்மெழுகுத் துண்டு ஒன்றில் நூலை இரண்டு முறை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும், சிக்காது, தண்ணீரையும் அவ்வளவாகக் குடிக்காது. சாக்கு ஊசி வேண்டாம், அதன் துளை பெரிது. மெல்லிய உறுதியான ஊசியை எடுங்கள். அது இறுகிக்கொண்டால் கட்டிங் பிளேயரால் இழுக்கலாம்.

முன்னால் மட்டும் ஓடிப் போகும் தையல் ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் நழுவும். ஒரு எட்டு போய் அரை எட்டு திரும்பி வரும் பின்தையலைப் போடுங்கள். தையல் நீளம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். ஐந்தாறு தையலுக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டால், தனித்தனி ஈர்க்கு தரும் பாதுகாப்பு இங்கும் கிடைக்கும். முடிச்சு வெளிப்பக்கம் வரட்டும். உள்ளே விட்டால் ஒரே நடையில் கொப்புளம்தான்.

நடக்கும்போது விரல்களுக்குப் பின்னால் ஷூ மடங்கும் இடத்தில் அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு அடியிலும் நூல் துணியை அறுக்கும். பக்கவாட்டிலும் குதிகாலுக்கு மேலும் தாராளமாகத் தைக்கலாம். பழைய சுங்குடிச் சேலையின் துண்டை விளிம்பு மடித்து ஒட்டுப்போட்டால் மிக அழகாக இருக்கும். நுணுக்கமான பூ வேலை என்றால் தனித் துணியில் போட்டுப் பிறகு ஷூவில் இணைப்பதே சுலபம். நீலகிரியின் தோடர் பெண்கள் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணித் தைக்க இழை கண்ணுக்குத் தெரியும் பருமனான துணி வேண்டும். அதைத் தட்டையாக விரித்துப் பிடிக்கவும் வேண்டும். ஷூவின் வளைவில் அதற்கு இடமில்லை.

முடிச்சுப் போடத் தெரியாத குழந்தைகளுக்கும் குனிய முடியாத பெரியவர்களுக்கும் லேசுக்குப் பதில் தட்டை எலாஸ்டிக்கை லேஸ் துளைகளில் கோத்து, இரு முனைகளையும் உள்ளே தைத்துவிடுங்கள். ஷூ அப்படியே காலில் ஏறும்.

அடி பிரிந்த ஷூவை மட்டும் வீட்டில் தைக்க உட்காராதீர்கள். தடித்த ரப்பரையும் துணியையும் சேர்த்துக் குத்த, செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் கொக்கி ஊசிதான் வேண்டும். அவரிடம் கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள்.