பரப்பிலிருந்து பக்கம் காணல்: புதுச்சேரிக் குழிக்கணக்கும் இணைகர நிலமும்

புதுச்சேரி நிலப் பதிவேடுகளில் பரப்பளவு எக்டேர், ஆர், சென்டியார் என்னும் அளவைகளில் குறிக்கப்படுகிறது. பிரெஞ்சுச் சட்டம் 1795இல் வரையறுத்த ஆர் 100 சதுர மீட்டர். சென்டியார் 1 சதுர மீட்டர். மக்கள் வழக்கிலோ குழியே நிலைபெற்றுள்ளது. 24 அடிக் கோலைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி, ஏறத்தாழ 53.5 சென்டியார்.

குழி சதுரத்தினின்று பிறந்த அளவை. ஆதலின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தால் பெருக்கினால் குழி கிடைக்கும் என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. நேர்க்கோட்டுத் தெருக்களையுடைய புதுச்சேரி நகரின் செவ்வக மனைகளுக்கு அது பொருந்தும். வரப்பு சாய்ந்த இணைகர நிலத்திற்குப் பொருந்தாது.

பக்கங்கள் 25 கோலும் 20 கோலுமாக உள்ள இணைகர நிலம் ஒன்றைக் கொள்வோம். 20 கோல் வரப்புகள் இரண்டிற்கும் இடைப்பட்ட செங்குத்துத் தொலைவு 24 கோல் எனில் உண்மைப் பரப்பு 480 குழி. பக்கங்களைப் பெருக்கினால் 500 குழி வரும். மிகுதியான 20 குழி ஏறத்தாழ 10 ஆர் 70 சென்டியார். வாங்குவோர் இல்லாத நிலத்திற்கு விலை கொடுப்பர். மறுதலையாக, 480 குழி என்பதையும் 20 கோல் என்பதையும் மட்டும் கொண்டு வகுப்பவர்க்குக் கிடைக்கும் 24 கோல் உயரமேயன்றிப் பக்கமன்று. அதனைப் பக்கமெனக் கொண்டு வேலிக்குக் கணக்கிட்டால் சாய்வரப்பு ஒவ்வொன்றிலும் 24 அடி குறையும்.

இக்குழப்பம் பழமையானது. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் நாற்கரத்தின் பரப்பிற்குத் தோராய விதி ஒன்றும் நுண்விதி ஒன்றும் தந்தார். எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது தோராய விதி. இணைகரத்தில் அது பக்கங்களின் பெருக்கற்பலனே. நுண்விதியும் இங்கு அதே விடையைத் தருகிறது என்பது கவனிக்கத்தக்கது. அது வட்டத்துள் அமையும் நாற்கரத்திற்கே உரியது, இணைகரங்களுள் செவ்வகம் மட்டுமே வட்டத்துள் அமையும். 1150இல் லீலாவதியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் இவ்விடத்தில் கடுமை காட்டுகிறார். பக்கங்கள் மாறாதிருக்கவே மூலைவிட்டங்கள் மாறும், பரப்பும் மாறும். ஆதலின் மூலைவிட்டமோ செங்குத்தோ கூறாமல் பரப்பு வினவுவோரைப் பிசாசு என்கிறார். இவ்வசை பரப்பையும் ஒரு பக்கத்தையும் மட்டும் தந்து மறுபக்கம் வினவும் பாடநூல் வினாக்களுக்கும் பொருந்தும்.

விடுபட்ட பக்கத்தைக் காண அப்பக்கத்திற்குரிய உயரமே வேண்டும். மேற்கண்ட நிலத்தில் மற்ற இரு வரப்புகளுக்கு இடைப்பட்ட செங்குத்துத் தொலைவு 19.2 கோல். 480ஐ அதனால் வகுக்க 25 கோல் கிடைக்கிறது. பரப்பே தெரியாதபோதும் இரு உயரங்களும் சுற்றளவும் போதும்: பக்கங்கள் தத்தம் உயரங்களுக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 90 கோல் சுற்றளவின் பாதியான 45ஐ 4:5 எனப் பகுக்க 20, 25 என்னும் பக்கங்கள் வந்துவிடும்.

களத்தில் கோணமானி தேவையில்லை. தமிழ்நாட்டு நில அளவைப் புலப்படங்கள் மூலைவிட்டக் கோட்டையும் அதிலிருந்து மூலைகளுக்குச் செல்லும் செங்குத்துத் தொலைவுகளையும் பதிவு செய்கின்றன. பாஸ்கரர் கேட்ட இரண்டுமே அவற்றில் உள்ளன. இணைகரத்தில் அவ்விரு செங்குத்துகளும் சமம். மூலைவிட்டத்தை அவற்றுள் ஒன்றால் பெருக்கினால் பரப்பு. செங்குத்து மூலைவிட்டத்தைத் தொடும் இடம் குறிக்கப்பட்டிருந்தால், பிதாகரசு தேற்றத்தின்வழி இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம்.