ஊஞ்சலா, பூல் டேபிளா?

வீட்டில் பூல் டேபிள் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது கடையில். நிற்க வேண்டியது சொந்த வீட்டுக் கூடத்தில், கையில் டேப்போடு. கணக்கு எளிது. எட்டு அடி டேபிள் என்று விற்கிறார்களே, அதில் பந்து ஓடும் பரப்பு 88 அங்குல நீளம், 44 அங்குல அகலம். ஸ்டிக்கின் நீளம் வழக்கமாக 58 அங்குலம். பந்து எந்த ஓரத்தில் ஒட்டி நின்றாலும் முழங்கை சுவரில் இடிக்காமல் அடிக்க வேண்டுமானால் நாலு பக்கமும் ஒரு ஸ்டிக் நீளம் காலியாக இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் அறை குறைந்தது 17 அடி நீளம், 13 அடி 4 அங்குல அகலம். பீரோ, தூண், புத்தக அலமாரி எதுவும் இந்த அளவுக்குள் வரக் கூடாது.

சரி, ஏழு அடி டேபிள் வாங்கிவிடலாம் என்பார்கள். அதன் ஆடுபரப்பு 78க்கு 39. அறைக் கணக்குப் போட்டால் அகலத்தில் மிச்சமாவது வெறும் 5 அங்குலம். இடத்தைத் தின்பது டேபிள் இல்லை, ஸ்டிக்.

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கணக்கு சீக்கிரமே உதைக்கும். உத்திர வீதி, சித்திரை வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளத்தில் ஓடுபவை. நீளத்துக்குப் பஞ்சமில்லை, அகலம்தான் இடிக்கும். கூடத்தில் தூண் இருக்கும். தூண் இல்லாவிட்டால் ஊஞ்சல் இருக்கும். ஊஞ்சலைக் கழற்றிவிட்டுப் பச்சைத் துணி போட்ட மேஜையைப் போடலாம் என்று வீட்டுப் பாட்டியிடம் சொல்லும் துணிச்சல் உள்ளவர்கள் மேலே படிக்கலாம். திருச்சியின் தில்லைநகர், கே.கே.நகர் பக்கத் தனி வீடுகளில் ஹால் தாராளமாக இருப்பதுண்டு. அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் எந்த டேபிளும் நிம்மதியாக உட்காராது. 48 அங்குலக் குட்டை ஸ்டிக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டால் எட்டு அடி டேபிளுக்கு 15 அடி 4 அங்குலத்துக்கு 11 அடி 8 அங்குலம் போதும். ஒரு பக்கச் சுவர் மட்டும் நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு குட்டை ஸ்டிக் வைத்துக்கொள்வது நல்ல சமரசம். நாலு பக்கமும் அதை வைத்தே ஆடுவதென்றால் கேரம் போர்டே மேல். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, சென்னையின் மரியா இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனது கேரம் போர்டில்தான்.

அறை தேறிவிட்டதா? இனி கல்.

துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. மலிவான டேபிள்களில் எம்.டி.எஃப் பலகை. அது மர நார்களையும் பசையையும் அழுத்திச் செய்தது. ஈரத்தைக் குடித்தால் ஊதும், ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் தீப்பெட்டியே பற்ற மறுக்கும் வீட்டில், எம்.டி.எஃப் டேபிளுக்குப் பணம் போடுவதை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. நல்ல டேபிளில் ஸ்லேட் கல் இருக்கும். லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-இல் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு ஸ்லேட்டைக் கொண்டுவந்தார். மரப் பலகைகள் நெளிந்து அவரைப் படுத்திய பாடுதான் காரணம். ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகியும் அதைவிடச் சிறந்த ஒன்றை இன்னும் யாரும் கொண்டுவரவில்லை. கல் அடுக்கடுக்காகப் பிளக்கும், இழைத்தால் வழவழவென்று மட்டமாகும், ஈரத்துக்கு அசையாது. இத்தாலி ஸ்லேட்டுக்குத் தனி மவுசு உண்டு. நம் நாட்டில் பளிங்கு போட்ட டேபிள்களும் விற்கின்றன. பளிங்கும் பலகையைவிட எவ்வளவோ தேவலை. முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை தடிமன் இருக்கிறதா, ஒரே கல்லா மூன்று துண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று துண்டே வசதி. ஒரு அங்குலத் தடிமனில் ஒரு துண்டே ஏறக்குறைய 70 கிலோ வரும். ஒரே கல்லாக வந்தால் ரேழித் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். தூக்கும்போது கல்லை நிமிர்த்திவைத்துத்தான் தூக்க வேண்டும், படுக்கவைத்துத் தூக்கினால் விரிசல் விடலாம்.

மொத்தமாக ஸ்லேட் டேபிள் ஒன்று 400 கிலோவைத் தொடும். ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளம் அதைத் தாங்கும். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்டு ‘விளையாட்டு அறை’ கட்டுகிறார்களே, டேபிளுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. கத்திரி வெயிலில் அந்தக் கூரைக்கு அடியில் குஷன் ரப்பர் சீக்கிரமே இறுகிப் போகும். பந்து குஷனில் பட்டு எகிறாமல் செத்து விழும்.

டேபிளின் உயிர் இருப்பது மட்டத்தில். உலக பூல் சங்கத்தின் விதி, ஆடுபரப்பு நீளவாக்கில் அரை மில்லிமீட்டருக்கு மேலும் அகலவாக்கில் கால் மில்லிமீட்டருக்கு மேலும் தவறக் கூடாது என்கிறது. கொத்தனாரின் ரசமட்டம் நல்ல கருவிதான், ஆனால் இந்த நுணுக்கத்துக்குப் பற்றாது. பொருத்த வருகிறவர் இயந்திரப் பட்டறையில் பயன்படுத்தும் மட்டம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பழைய வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. கழுவிவிட்ட தண்ணீர் முற்றத்தில் போய் விழட்டும் என்று கூடத்துத் தரையையே லேசாகச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அந்தச் சாய்வைக் கால்களில்தான் சரிக்கட்ட வேண்டும்.

வேலை தெரிந்தவர் முதலில் சட்டத்தை மட்டம் பார்ப்பார். நடுக் கல்லை வைப்பார், பிறகு இரண்டு பக்கக் கற்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்பு செருகுவார். சிலர் சீட்டுக்கட்டுச் சீட்டையே செருகுவார்கள். இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியதும் தகட்டால் வழித்துவிடுவார். திருச்சி வெயிலில் மெழுகு உருகிவிடாதா என்று பயப்பட வேண்டாம், தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். நகத்தை இணைப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். தட்டினால் துணி போட விடாதீர்கள். கடைசியில் ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட வேண்டும். வேகமாக உருட்டினால் எந்த டேபிளும் யோக்கியன்தான். நிற்கப் போகும் தறுவாயில் பந்து எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதில்தான் உண்மை வெளிவரும். சில வாரம் கழித்துக் கால்கள் அமர்ந்ததும் மறுபடி ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். இதையும் விலையோடு சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பூல், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் என்ற ஆட்டங்களின் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-இல் தோஹாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற பிறகு, பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் டேபிள் விலை விசாரிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு ஸ்னூக்கர் டேபிள் 12 அடி, எடை ஒரு டன்னைத் தாண்டும், அறை 21 அடிக்கு மேல் வேண்டும். அதற்குக் கிளப்பில் சேர்ப்பதே மலிவு.

ஊட்டிக் குளிரில் வளர்ந்த ஆட்டம் திருச்சிக்கு வந்தால் இரண்டு பகைகள் காத்திருக்கும். ஒன்று ஈரம். போட்டிகளில் துணி உலர்ந்திருக்க ஸ்னூக்கர் மேஜையை அடியிலிருந்து சூடாக்குகிறார்கள். சித்திரையில் இதைச் சொன்னால் நம்மூரில் சிரிப்பார்கள், கார்த்திகையில் சொல்லிப் பாருங்கள். மழை நாளில் துணி கனத்துப் பந்து தள்ளாடும். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்தி ஏசியை மிதமாக ஓடவிடுங்கள். மரக் கால்களைக் கரையான் எட்டாமல் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று தூசி. ஆடிக் காற்றுக்கு அம்மி நகர்கிறதோ இல்லையோ, ஆற்று மணல் வீட்டுக்குள் வந்துவிடும். துணியின் இழைகளுக்குள் இறங்கிய மணல், பந்து உருளும் ஒவ்வொரு தடவையும் இழையை அறுக்கும். ஸ்டிக் முனையில் தேய்க்கும் நீல சாக்கிலும் சிலிக்காவும் கடினத் தாதுப் பொடியும்தான் இருக்கின்றன. அதை டேபிள் மேல் வைத்துத் தேய்க்காதீர்கள், தள்ளி நின்று தேய்க்கப் பழக்குங்கள். ஆட்டம் முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் கோதி, உறை போட்டு மூடுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. உறை போடாத டேபிளில் முதலில் கோல் போடுவது பல்லிதான், அந்த எச்சக் கறை லேசில் போகாது. பந்துகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு கலந்து துடைத்தால் போதும்.

பார்லர்கள் மூடும்போது பழைய டேபிள்கள் மலிவாக வரும். கல் முழுசாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். துணி, குஷன் ரப்பர் இரண்டும் மாற்றக்கூடியவை. குஷனைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கல் போல இருந்தால் ரப்பர் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கழற்றிப் பூட்டும் கூலியையும் தொடக்கத்திலேயே கேளுங்கள், சில சமயம் அது டேபிள் விலையோடு போட்டி போடும்.

நவராத்திரி வந்தால் வீட்டில் ஒரு குரல் கேட்கும்: இவ்வளவு பெரிய மேஜை சும்மாதானே கிடக்கிறது, கொலு வைத்தால் என்ன? பொம்மைகளின் எடை கல்லுக்கு ஒரு பொருட்டில்லை. கலசத்துத் தண்ணீரும் விளக்கின் எண்ணெயும்தான் துணிக்கு ஆபத்து. பிளைவுட் மூடி ஒன்றை அளவெடுத்துச் செய்து, அதன் மேல் பிளாஸ்டிக் விரித்து, படியைக் கட்டுங்கள். சுண்டல் கிண்ணத்தை மட்டும் அந்தப் பக்கம் அண்ட விடாதீர்கள்.